பிரபுவின் முணுமுணுப்பும் தவமணி அக்காவின் இங்கிலீசும்

அமெரிக்கர்களுக்கு இங்கிலாந்தைக் காட்டிச் சம்பளம் வாங்கியவள் நான். யாழ்ப்பாணத்தில் பிறந்து, அகதியாக வந்து, லண்டன் நோர்பரியில் ஒரு மீன்கடைக்கு மேலே குடியிருந்த ஒருத்தி, இங்கிலாந்து எப்படி இருக்கும் என்று அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு விளங்கப்படுத்தும் வேலையில் இத்தனை வருடம் இருந்தாள் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் முதல் சில வருடங்கள் வந்தது. பிறகு பழகிவிட்டது.

இப்போது ஓய்வு. எடிட்டிங், தணிக்கை, சப்டைட்டில் என்று இந்தத் துறைக்குள் புதிதாக நுழைந்திருக்கும் பிள்ளைகள் சிலர், உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பொத்தானை எப்போது அமுக்க வேண்டும் என்று என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அமுக்காமல் இருந்திருக்க வேண்டிய இரண்டு சமயங்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

எங்கள் சேனல் அமெரிக்காவில் கேபிளில் வந்தது. தலைமையகம் நியூயோர்க்கில். பிரித்தானிய நாடகங்களையும் நிகழ்ச்சிகளையும் வாங்கி, அமெரிக்க வீடுகளுக்கு ஏற்றபடி வெட்டி, ஒட்டி, துடைத்து அனுப்பும் பிரிவு லண்டனில். அமெரிக்கர்கள் என்ன கேட்டார்கள் என்பது வேலைக்குச் சேர்ந்த ஒரு மாதத்தில் பாடமாகிவிட்டது. மழை வேண்டும், ஆனால் அழகாகப் பெய்ய வேண்டும். மாளிகை வேண்டும். மாளிகைக்குள் ஒரு கொலை வேண்டும், கொலை நடந்த கையோடு எல்லாரும் தேநீர் குடிக்க வேண்டும். சிவப்பு பஸ் கட்டாயம் வேண்டும். பஸ்ஸுக்குள் இருப்பவர்களை அவ்வளவு கிட்டக் காட்டத் தேவையில்லை.

ஒருமுறை கிழக்கு லண்டனில், இல்ஃபோர்டில் எடுத்த ஒரு குடும்ப நாடகத்தை அனுப்பிவைத்தோம். நியூயோர்க்கிலிருந்து இப்படிக் குறிப்பு வந்தது: "மிக நன்று. ஆனால் இது இங்கிலாந்தில் நடக்கிறது என்பது தெளிவாக இல்லை." அந்தக் குறிப்பை நான் இல்ஃபோர்டில், என் மச்சாள் வீட்டுச் சோபாவில் இருந்துதான் வாசித்தேன். வெளியே தண்டவாளத்தில் ரயில் போய்க்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் ரயில்தான்.

முதலில் சேவல் கதை.

என் முதல் மேலதிகாரி ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். தொழிலில் எனக்கு வந்தது எல்லாம் அவரிடமிருந்து வந்தது. அதிகம் பேசமாட்டார். அப்போது நியூயோர்க்கிலிருந்து தடைசெய்யப்பட்ட சொற்களின் பட்டியல் ஒன்று வந்திருந்தது. அவற்றில் ஒன்று வந்தால் ஒலியை அழித்துவிட்டு 'பீப்' போட வேண்டும். சேவலுக்கு ஆங்கிலத்தில் ஒரு பழைய சொல் உண்டு. அதற்கு வேறொரு கொச்சைப் பொருளும் உண்டு என்பதால் அதுவும் பட்டியலில் இருந்தது. நான் புதியவள். பட்டியல் என்றால் பட்டியல்தான்.

வடக்கு இங்கிலாந்துப் பண்ணைக்காரர் ஒருவரைப் பற்றிய நிகழ்ச்சி என் மேசைக்கு வந்தது. கண்காட்சியில் பரிசு வாங்கிய சேவல் ஒன்று அவரிடம் இருந்தது. மனிதர் அரைமணி நேரம் அதைப் பற்றித்தான் பேசினார். நான் ஒன்றையும் விடாமல் பீப் போட்டேன். அமெரிக்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் போய் வந்த குடும்பங்கள் எல்லாம் பார்க்கிற நேரத்தில், அந்தப் பண்ணைக்காரர் வெள்ளந்தியாகச் சிரித்தபடி இப்படிச் சொன்னார்: "இந்த வயதிலும் என் பீப் விடியற்காலையில் எழும்பிவிடும். அயலில் உள்ளவர்கள் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். என் மனைவிக்கு அதில் பெரிய பெருமை."

கடிதங்கள் வந்தன. தலைமையகத்திலிருந்து தொலைபேசி வந்தது. அந்தக் கிழவன் என்னதான் சொன்னான் என்று கேட்டார்கள். நான் அழுதுவிடும் நிலையில் என் மேலதிகாரிக்கு முன்னால் போய் நின்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. அந்தப் பகுதியைப் போட்டு, நான் சேர்த்த பீப்புடன் ஒருமுறையும் இல்லாமல் ஒருமுறையும் கேட்க வைத்தார். பிறகு சொன்னார்:

"அந்த மனிதர் ஊத்தையாக எதுவும் சொல்லவில்லை. நீதான் சொன்னாய்."

ஒன்றை மூடினால் பார்ப்பவர்கள் அதற்குக் கீழே ஏதோ இருப்பதாகத்தான் நினைப்பார்கள். அவர் ஓய்வு பெற்றுப் போனபோது அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. அவருடைய நிதானம் கூடவே வரவில்லை என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

ஒரு வருடம் நாங்கள் ஒரு கொலைத் தொடரை வாங்கினோம். நாட்டுப்புறத்தில் ஒரு மாளிகை, அதில் ஒரு பிரபு, அவருடைய அண்ணன் கொலை, ஊரில் ஒரு தேவாலயம், ஒரு தபால் நிலையம். பிரபுவாக நடித்தவர் மேடையில் பேர்பெற்ற பெரிய நடிகர். பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியும், அதனால் சொல்லவில்லை. வயதாகிவிட்டது. அடர்த்தியான மீசை வேறு. அந்த மீசைக்குள் இருந்து ஒரு சொல் வெளியே வருவதற்குள் பாதி தேய்ந்துவிடும். நானே அவருடைய வசனங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டும் பிடிபடாமல், தயாரிப்பாளர்களிடம் ஸ்கிரிப்டை வாங்கி வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தபால் நிலையத்தை நடத்தும் பெண்ணாக நடித்தவர் தவமணி அக்கா. எங்கள் ஆள். தொழில்முறை நடிகை இல்லை. தென் லண்டனில் ஒரு ரயில் நிலையத்தில் பல வருடம் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த ரயில் எந்த மேடைக்கு வருகிறது, எது பிந்துகிறது, எது வரவே வராது என்று ஒலிபெருக்கியில் சொல்லும் வேலை. ஓய்வுக்குப் பிறகு லூயிஷாமில் கோயில் விழா நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்தார். அங்கே யாரோ பார்த்து, யாருக்கோ சொல்லி, இந்த வேடம் கிடைத்தது. ஒவ்வொரு பாகத்திலும் வருவார். யார் யாருக்குக் கடிதம் வந்தது என்று துப்பறிபவருக்குச் சொல்வது அவர்தான். ஒவ்வொரு சொல்லும் கழுவி அடுக்கிய பாத்திரம் மாதிரிச் சுத்தமாக வரும்.

நியூயோர்க்கில் எங்கள் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருந்தவரை இங்கே கிரெக் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மனிதர். எதைப் பார்த்தாலும் சந்தோஷப்படுவார். அவரிடமிருந்து ஒரு தெளிவுக் குறிப்பு வந்தது. பார்ப்பவர்களுக்கு எந்த இடங்களில் பேச்சு விளங்காது, எங்கே திரையில் சப்டைட்டில் போட வேண்டும் என்று சொல்லும் குறிப்பு. அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "தபால் நிலையப் பெண்மணி பேசும் எல்லா இடங்களுக்கும் சப்டைட்டில் இடவும்."

பிரபுவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். பிழை என்று எனக்கு உடனே தெரிந்தது. இதை நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். தெரியாமல் செய்த பிழை இல்லை இது. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். லண்டன் பிரிவில் ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று அந்த மாதம் ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அதைவிட ஒரு காரணம் இருந்தது, அதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் இதை எதிர்த்தால், தமிழ்ப் பெண் என்றபடியால் தமிழ்ப் பெண்ணுக்காகப் பேசுகிறாள் என்று நினைப்பார்களே என்று பயந்தேன். வேறு எந்த இனத்துப் பெண்ணாக இருந்தாலும் அன்றைக்கே தொலைபேசியை எடுத்திருப்பேன். எங்கள் ஆள் என்பதாலேயே பேசாமல் இருந்தேன்.

தவமணி அக்கா பேசியதை நானே தட்டெழுதினேன். "உங்கள் பார்சல் இன்னும் வரவில்லை, சார்" என்று அவர் சொன்னால், கீழே "உங்கள் பார்சல் இன்னும் வரவில்லை, சார்" என்று ஓடும். ஒரு எழுத்தை மாற்றத் தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமை ஒப்புதல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு ரயிலேறி வீட்டுக்குப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து சோஹோவில் ஒரு சின்னத் திரையரங்கில், ஒரு புதன்கிழமை பின்னேரம், அமெரிக்காவுக்குப் போகும் பிரதியை நடிகர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். கிரெக் அதற்காகவே நியூயோர்க்கிலிருந்து வந்திருந்தார். வாசலில் பெரிய போஸ்டர். சாம்பல் நிற மாளிகை, அதற்குப் பின்னால் கடல், கடலிலிருந்து மேலெழும் ஒரு திமிங்கிலத்தின் வால். கதையில் கடல் கிடையாது. கதை நடக்கும் ஊரிலிருந்து கடலுக்குப் போவதென்றால் அரைநாள் கார் ஓட வேண்டும். லண்டன் அலுவலகத்தில் எல்லாரும் அந்தப் போஸ்டரைப் பார்த்திருந்தோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஏதோ ஆழமான குறியீடு என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினோம். கேட்டால் நமக்கு விளங்கவில்லை என்று ஆகிவிடுமே.

தவமணி அக்கா நீலச் சேலைக்கு மேல் கறுத்தக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கையில் ஒரு பெட்டி. அங்கே நின்றவர்களில் என் முகத்தைக் கண்டதும் நேரே வந்தார்.

"பிள்ளை தமிழோ?"

"ஓம் அக்கா."

"எவடம்?"

"நோர்பரி."

"அதில்லை. ஊரில எவடம்?"

சொன்னேன். அவருக்கு அங்கே ஒரு ஒன்றுவிட்ட தங்கச்சி இருந்தாளாம். பெட்டியைத் திறந்து காட்டினார். உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ். "உவையள் வைனும் கடலையும்தான் வச்சிருப்பினம், சனம் பசியோட வரும் எண்டு கொண்டந்தனான்" என்றார். என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். நான் எழும்பி வேறு இருக்கைக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

படம் தொடங்கியது. மழை அழகாகப் பெய்தது. தபால் நிலையக் காட்சி வந்தது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையில் அவர் வாயைத் திறந்தார், கீழே வெள்ளை எழுத்து ஓடியது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இதென்ன பிள்ளை, எழுத்து ஓடுது?"

"அமெரிக்காக்காரருக்கு, அக்கா."

"ஓ. எல்லாருக்கும் போடுறியளோ?"

பதிலைத் திரை சொன்னது. அடுத்த காட்சியில் பிரபு கணப்படுப்புக்கு முன்னால் நின்று மூன்று நிமிடம் பேசினார். சுவருக்கு அப்பால் யாரோ தளபாடம் நகர்த்துவது போன்ற ஒரு சத்தம் மட்டும் கேட்டது. ஒரு எழுத்தும் ஓடவில்லை. அரங்கம் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்ப அக்கா வந்தார். திரும்ப எழுத்து. அக்கா திரையைப் பார்த்தபடியே, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்:

"நான் இங்கிலீசிலதானே கதைச்சனான்?"

"ஓம் அக்கா."

"அந்த மனுசன் கதைச்சது ஒண்டும் எனக்கு விளங்கேல்லை. அதுக்கு ஒண்டும் எழுதேல்லையே. ஆர் பிள்ளை உது தீர்மானிக்கிறது?"

"நியூயோர்க்கில, அக்கா" என்றேன்.

அது உண்மைதான். அந்த உண்மையை ஒரு பொய்யாகத்தான் நான் பாவித்தேன். "ம்" என்றார். பிறகு படம் முடியும்வரை, தன் காட்சிகள் வரும்போது மடியில் இருந்த ரோல்ஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்து எல்லாரும் வெளி மண்டபத்தில் நின்றோம். அக்கா போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் நீட்டினார். கிரெக் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டுக் கண்ணை மூடினார். பிறகு இருவரும் பேசத் தொடங்கினார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். கால்மணி நேரம். விமான நிலையத்துக்கு எந்த ரயிலில் போவது, எங்கே மாறுவது, எந்தப் பெட்டியில் ஏறினால் படிக்கட்டுக்குக் கிட்ட இறங்கலாம் என்று அக்கா சொல்ல, கிரெக் தலையாட்டித் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். ஒருமுறைகூட "மன்னிக்கவும், திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்கவில்லை.

அப்போதுதான் பிரபு வந்தார். மீசை, கைத்தடி, எல்லாம் திரையில் இருந்தபடியே. போஸ்டரைக் கைத்தடியால் காட்டி, கிரெக்கிடம் எதையோ முணுமுணுத்தார். கோபமாகத்தான் தெரிந்தது.

கிரெக் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். "நன்றி, சார். உங்களுக்கும் பிடித்ததில் எங்களுக்குப் பெரிய சந்தோஷம்."

பிரபு அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். கிரெக் என் பக்கம் சரிந்து, "என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

இத்தனை வாரம் ஸ்கிரிப்டும் கையுமாக அந்தக் குரலோடு இருந்ததில் எனக்கு அது பழகியிருந்தது. "போஸ்டரில் எதற்காக ஒரு திமிங்கிலம் இருக்கிறது என்று கேட்டார்" என்றேன்.

கிரெக் சிரித்தார். "பகிடிக்காரர். முதல் பாகத்தில் அவரே அல்லவா சொல்கிறார், 'திமிங்கிலம் என்று ஒன்று இருந்ததே இல்லை' என்று. என்ன ஒரு வசனம்! அதை வைத்துத்தானே போஸ்டரே செய்தோம்."

கணப்படுப்புக் காட்சியில் பிரபு சொல்வது, "உயில் என்று ஒன்று இருந்ததே இல்லை" என்பது. ஆங்கிலத்தில் உயிலுக்கு 'வில்', திமிங்கிலத்துக்கு 'வேல்'. இரண்டுக்கும் நடுவில் ஒரு மீசை. அந்த ஒரு வரிதான் கொலைக்குக் காரணம். உயில் இல்லாவிட்டால் அண்ணனின் சொத்து முழுவதும் அவருடைய ஒரே மகள் வழியாக மருமகனுக்குப் போகும். அது விளங்காவிட்டால் ஆறு பாகமும் மழையும் தேநீரும் மட்டும்தான். அதுகூட விளங்காமல்தான் நியூயோர்க் இந்தத் தொடரை வாங்கி, விளம்பரம் செய்து, தபால் நிலையப் பெண்ணின் இங்கிலீசுக்கு எழுத்துப் போடச் சொல்லியிருந்தது.

அந்த மண்டபத்திலேயே சொல்லியிருக்கலாம். சுற்றிவர பத்திரிகைக்காரர்கள் நின்றார்கள். ஒரு மனிதரை நாலு பேருக்கு முன்னால் முட்டாளாக்கினால் அவர் தன் பிழையை ஒத்துக்கொள்ளமாட்டார், காப்பாற்றத்தான் பார்ப்பார். நான் வாயை மூடிக்கொண்டேன். இந்த முறை பயத்தால் அல்ல. "நாளைக்குக் காலையில் ஒரு அரைமணி நேரம் வேண்டும். நியூயோர்க்கில் உங்கள் ஆட்களும் லைனில் இருந்தால் நல்லது" என்றேன்.

நியூயோர்க்கில் விடிய வேண்டும் என்பதால் அது மறுநாள் மத்தியானம் ஆனது. கிரெக் எனக்கு எதிரே, அவருடைய ஆட்கள் ஐந்து பேர் வீடியோவில். எல்லாரிடமும் ஒரு தாள், ஒரு பேனா.

"கையெழுத்துப் போட்டு அனுப்பியது நான்" என்று தொடங்கினேன். "பிழை என்று தெரிந்துதான் போட்டேன். அதனால் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. இரண்டு குரல்களைப் போடுகிறேன். படம் வராது. கேட்டதை எழுதுங்கள்."

முதலில் அக்காவின் குரல். ஆறு பேரும் எழுதினார்கள். ஆறும் ஒரே மாதிரி, சொல்லுக்குச் சொல் சரி. ஒருவர் அரைப்புள்ளிகூட வைத்திருந்தார்.

"நல்ல குரல்" என்றார் வீடியோவில் ஒரு பெண். "யார் இது? செய்தி வாசிப்பவரா?"

"நீங்கள் சப்டைட்டில் போடச் சொன்னவர்" என்றேன்.

பிறகு பிரபு. நான் அதைப் போட்டு முடித்தபோது பேனாக்கள் காற்றில் நின்றன. நான்கு பேர் திமிங்கிலம் என்று எழுதியிருந்தார்கள். ஒருவர், "சுவர் என்று ஒன்று இருந்ததே இல்லை" என்று எழுதி, பக்கத்தில் 'தத்துவம்' என்று குறித்திருந்தார். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் மட்டும் தாளை வெறுமையாகவே உயர்த்திக் காட்டினாள். "எனக்கு ஒன்றும் கேட்கவில்லை" என்றாள். அந்தக் கூட்டத்தில் அன்றைக்கு உண்மையை எழுதியவள் அவள்தான்.

ஸ்கிரிப்டைக் கிரெக்கின் முன்னால் வைத்தேன். வாசித்தார். திரும்ப வாசித்தார்.

"அப்படியென்றால் கொலை செய்தது மருமகனா?"

"ஓம். கடைசிப் பாகத்தில் பொலிஸ் அவனைக் கொண்டு போகிறதே."

"அது பிழையான கைது என்றல்லவா நினைத்தேன். அடுத்த சீசனுக்காக விட்டிருக்கிறார்கள் என்று." ஸ்கிரிப்டை மூடினார். "எனக்குப் பாதிரியார் மேல்தான் சந்தேகம்."

அவர் நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன். முகம் சிவந்தது, ஆனால் ஓடி ஒளியவில்லை. "பிரபு பேசுவதை நாங்கள் யாரும் விளங்கிக்கொள்வதே இல்லை என்பது உண்மைதான்" என்றார். "அதை நாங்கள் அனுபவிக்கிறோம். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும், இது விளங்காது என்று காது தானாகவே முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது."

பிரபுவுக்கு எழுத்துப் போடுவோம் என்று முடிவானது. அது ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. பிரபுவின் ஏஜெண்ட் தொலைபேசியில் கத்தினார். வாழ்நாள் முழுவதும் மேடையில் கடைசி வரிசைவரை கேட்கப் பேசிய மனிதரின் முகத்துக்குக் கீழே எழுத்து ஓடுவதா? ஓடினால் அடுத்த சீசனில் அவர் இல்லை. நியூயோர்க் வழக்கறிஞர்கள் கூடினார்கள். பிரபுவை விட்டுவிட்டுத் தபால் நிலையப் பெண்ணுக்கு மட்டும் போட்டால் நாளைக்கு யாராவது வழக்குப் போடலாம் என்று அவர்களுக்கு இப்போதுதான் தோன்றியது. என்னைக் கேட்டார்கள். "போட்டால் எல்லாருக்கும். இல்லாவிட்டால் ஒருவருக்கும் இல்லை" என்றேன். எல்லாருக்கும் போட்டால் மாளிகை நாய் குரைப்பதற்கும் எழுத வேண்டிவரும் என்று யாரோ சொல்ல, ஒருவருக்கும் இல்லை என்று தீர்ந்தது.

தொடர் அமெரிக்காவில் ஓடியது. தவமணி அக்காவைப் பற்றி, அவர் பேச்சு விளங்கவில்லை என்று ஒரு முறைப்பாடும் வரவில்லை. பிரபுவைப் பற்றியும் வரவில்லை, விளங்கவில்லை என்று எழுத யாருக்கும் துணிவில்லை. போஸ்டர் ஏற்கெனவே ஊரெல்லாம் ஒட்டியாகிவிட்டது. கழற்ற நேரமில்லை. இணையத்தில் ரசிகர்கள் திமிங்கிலத்தைப் பற்றி வாரக்கணக்கில் விவாதித்தார்கள். மறைந்துபோன ஏகாதிபத்தியத்தின் குறியீடு என்று ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். அடுத்த சீசனில் ஒரு திமிங்கிலத்தைச் சேர்க்க முடியுமா என்று நியூயோர்க் தயாரிப்பாளர்களிடம் கேட்டது.

எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பிழையான சப்டைட்டில் போட்டதற்கு அல்ல. கையெழுத்திட்டு அனுப்பிய பிரதியை முறையான அனுமதி இல்லாமல் மீளாய்வு செய்ததற்கு. அடுத்த வருடம் அதே தொடருக்காக, பார்வையாளர்களை ஈடுபடுத்தியமைக்கு என்று பிரேம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரமும் வந்தது. இரண்டையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படி ஒரு கோப்பை இப்போதே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், முதல் பாகம் ஓடுவதற்கு முந்திய சனிக்கிழமை, எனக்கு ஒரு வேலை மிச்சம் இருந்தது. எலிசபெத் லைன் ரயிலில் ஏறி இல்ஃபோர்டுக்குப் போனேன். தவமணி அக்காவின் வீடு கடைகளுக்குப் பின்னால் உள்ள ஒரு தெருவில், வரிசை வீடுகளில் ஒன்று. கதவைத் திறந்தவர் என்னைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. "வாங்கோ பிள்ளை, இருங்கோ" என்றார். தேத்தண்ணி போட உள்ளே போனார். நான் சோபாவின் விளிம்பில் இருந்துகொண்டு, ரயிலில் வரும்போது யோசித்துவைத்த வசனங்களை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.

அவர் வந்து இருந்ததும் சொன்னேன். "அக்கா, எழுத்தை எடுத்தாச்சு. அமெரிக்காவில உங்கட பேச்சு எழுத்தில்லாமல்தான் போகும்."

"சந்தோசம்."

"இன்னொண்டும் சொல்ல வேணும். அண்டைக்கு நியூயோர்க் எண்டு சொன்னனான். நியூயோர்க் சொன்னதுதான். ஆனால் எழுதினது நான். கையெழுத்தும் என்ர. பிழை எண்டு தெரிஞ்சுதான் போட்டனான்."

அக்கா தன் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை."

"எப்பிடி அக்கா?"

"நியூயோர்க் எண்டு சொல்லேக்க உங்கட குரல் இறங்கினது. எத்தினை வருசம் நான் மைக்குக்கு முன்னால இருந்தனான்? ரயில் ஏன் பிந்துது எண்டு ஒரு நாளும் எங்களுக்குச் சரியாச் சொல்லமாட்டினம். சிக்னல் பழுது எண்டு சொல்லு எண்டுவினம், சொல்லுவன். உண்மையா சிக்னல் பழுதெண்டால் ஒரு குரல் வரும். மேல இருக்கிறவன் சொல்லச் சொன்னது எண்டால் வேற குரல் வரும். எனக்கு அந்தக் குரல் தெரியாதே?"

நான் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு மொழியிலும் கேட்டேன் என்று நினைக்கிறேன். அக்கா தலையை மட்டும் ஆட்டினார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாததற்காக அவரை இன்றைக்கும் மதிக்கிறேன். அது பரவாயில்லாத விஷயம் அல்ல.

பிறகு அவர் எனக்குப் போட்ட தேத்தண்ணியை என் பக்கம் தள்ளினார்.

"குடியுங்கோ. ஆறினால் நல்லாயிராது."